ஆண்பூவில் கட்டிய அட்டை

காலை பத்தரை மணிக்குத் தோட்டத்துக்கு வந்து, பூசணிப் பூவில் மகரந்தம் சேர்த்துக் காட்டப்போவதாகச் சொன்னார் எங்கள் நிலைய இயக்குநர். கூடவே முப்பது விவசாயிகள், மேலிடத்து அதிகாரி ஒருவர், படம் எடுக்க ஒரு ஆள். பூசணிப் பூ விடியலில் விரிந்து வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். விதை ஆராய்ச்சி நிலையத்தின் தலைவருக்கு இது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்த்தது என் தப்புதான்.

சுருங்கிய பூவொன்றை விரலால் பிரித்தார். இன்னொரு ஆண்பூவைப் பறித்து, நான் செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் அதன் இதழ்களைக் கிழித்து, உள்ளே விட்டுத் தேய்த்தார். பிரித்த பூவும் ஆண்பூ. பெண்பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று உட்கார்ந்திருக்கும். கண் இருந்தால் போதும், படிப்பு வேண்டாம். தன் பெயரும் தேதியும் எழுதிய அட்டையை அந்த ஆண்பூவின் காம்பில் கட்டிவிட்டு, "இது ரெண்டே மாசத்துல காயா உங்க கைக்கு வரும்" என்றார். முன்னால் நின்ற ஒரு பெண் பக்கத்திலிருந்தவளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மற்றவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவர் கை வைத்தது கலப்பு விதைக்காக நான் வளர்க்கும் தாய்ச்செடி வரிசை. சீக்கிரம் காய்க்கும், ஆனால் காய் சிறியது. தந்தை வரிசையில் காய் பெரியது, ஆனால் சோம்பேறி. இரண்டையும் கலந்தால் நிறையக் காய், அதுவும் ஒரு மாதம் முன்னதாக. தாய் வரிசை சுத்தமாக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். அதற்காகச் செடியின் ஏழு தலைமுறைக்கு, தேனீ வேற்று மகரந்தம் கொண்டுவராதபடி மாலையில் மொட்டுகளைக் கட்டி, விடியலில் அவிழ்த்து, அதே செடியின் மகரந்தத்தைத் தடவி, மறுபடி கட்டியிருக்கிறேன். "மருமகளுக்குக் காவல் ரொம்ப பலமா இருக்கே" என்பார் தோட்ட மேஸ்திரி.

பன்னிரண்டாம் நாள் இயக்குநர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நம்ம காய் எப்படிம்மா இருக்கு?"

"பூ அன்னிக்கே உதிர்ந்துடுச்சு சார்."

"தண்ணி ஒழுங்கா விட்டிருக்க மாட்டீங்க. நாளைக்கு அதிகாரி திரும்ப வர்றாரு. நல்ல காயா பாத்து அட்டைய மாத்திக் கட்டிடுங்க."

நான் கட்டவில்லை. மறுநாள் அதிகாரி செடியருகே குந்தி உட்கார்ந்து தேடினார். மொட்டைக் காம்பைக் காட்டி, "அது ஆண்பூ சார். ஆண்பூ காய்க்காது" என்றேன்.

இயக்குநர் கொஞ்சமும் அசரவில்லை. "இவங்க கவனிக்கிறாங்களான்னு சும்மா ஒரு சோதனை வெச்சேன் சார்" என்று சிரித்தார். அதிகாரியும் சிரித்தார். பொய் என்று தெரிந்த சிரிப்பு. அதனால் இன்னும் சத்தமாக.

மூன்றே நாளில் என்னைக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். என் இடத்துக்கு யாரையும் போடவில்லை.

"அட்டைய மாத்திக் கட்டிட்டு வந்திருந்தா உனக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்?" என்றார் என் கணவர். அவர் சொல்வதில் எப்போதும் நியாயம் இருக்கும். அவரிடம் எனக்குப் பிடிக்காததும் அதுதான்.

அன்று மாலை மேஸ்திரி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தாய் வரிசையில இருபத்தெட்டு பெண்மொட்டு நாளைக்கு விரியும்மா. யாரும் கட்டல."

"இயக்குநர்கிட்ட சொல்லுங்க."

"சொன்னேன். பூ தன்னால விரியப்போவுது, அத எதுக்குக் கட்டணும்னு கேக்குறாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். தொலைபேசியை வைத்த பிறகு, கெடட்டும் என்று நினைத்தேன். விதை கலந்து போகட்டும், அடுத்த பருவத்தில் கோணலும் மாணலுமாகக் காய்க்கட்டும், அவர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும். அப்போதும் அவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. தெரியப்போவது எனக்கு மட்டும்தான்.

விடியும்போது வேலிக்கு வெளியே நின்றிருந்தேன். எதற்கு வந்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. இருபத்தெட்டும் விரிந்திருந்தன, ஈரமாக, உள்ளங்கை அகலத்துக்கு. பக்கத்துப் பாத்தியின் நாட்டுப் பூசணியிலிருந்து ஒரு தேனீ எழுந்து வந்தது. உடம்பெல்லாம் மஞ்சள் தூள். முதல் பூவின் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் துடைத்துக்கொண்டது. நான் வேலிக்கதவின் கொக்கியில் கை வைத்தேன். தேனீ மெதுவாக, தன் வீட்டுப் படியில் இறங்குவதுபோல, பூவுக்குள் இறங்கத் தொடங்கியது.