படம்: அம்பிகா

முதல் அடி ப்ரொஜெக்டருக்கு விழுந்தது. திரையில், நிகழ்ச்சியை நடத்தும் ஜான்சன் பெரிய எழுத்தில் போட்டுவைத்திருந்த ‘எடுத்துக்கொள், மாற்று, பகிர்ந்துகொள்’ என்ற வரி ஒருபக்கமாகச் சரிந்து, கூரைக்கு ஏறி, அணைந்தது. இரண்டாவது அடி ஜான்சனின் முதுகில்.

ஆம்பூர் பைபாஸ் ஓரம், முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் பிடித்த சின்ன மண்டபம் அது. கட்டற்ற மென்பொருள் திருவிழா என்று பேர். காசு கொட்டியும் வாங்க வேண்டாம், திருட்டு சிடியும் வேண்டாம், சுதந்திரமான மென்பொருள் ஒன்று இருக்கிறது என்று சொல்லி, வருகிறவர்களின் கம்ப்யூட்டரில் அதை ஏற்றிக் கொடுப்பார்கள். ஷூ கம்பெனி ஆட்கள், வாணியம்பாடி காலேஜ் பிள்ளைகள், கணியம்பாடியிலிருந்து பழைய லேப்டாப்பைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்த ஒரு விவசாயி. இவர்கள் நடுவே கம்பியும் கிரிக்கெட் ஸ்டம்புமாக ஒரு கும்பல் நுழைந்தால் என்ன செய்வார்கள் பாவம். லேப்டாப்பை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“கதவ சாத்துங்கடா” என்றான் முன்னால் நின்றவன். பாண்டியன். தோல் பதனிடும் டேனரிகளுக்குக் கழிவுத்தொட்டி சுத்தம் செய்ய ஆள் பிடித்துக் கொடுக்கும் காண்ட்ராக்டர். வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைக் கிழித்துக் கையோடு கொண்டுவந்திருந்தான். அதை உதறி விரித்துக் காட்டினான்.

“இதுல அம்பிகா யாரு?”

ஃப்ளெக்ஸில் இருந்தது ஒரே ஒரு படம். டேனரியின் பின்பக்கத் தொட்டியிலிருந்து இரண்டு பேரைக் கயிறு கட்டி மேலே இழுக்கிறார்கள். இரண்டு பேருக்கும் உயிர் இல்லை. முகத்தில் கவசம் இல்லை, காலில் பூட்ஸ் இல்லை. தொட்டி ஓரத்தில் காதில் போனோடு நிற்பது பாண்டியன், மூக்கும் முழியுமாகத் தெளிவாக. அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று போலீசில் எழுதிக்கொடுத்தவன் அவன். எடுத்தது யாரென்று தெரியாதவரை அதை ஒட்டுவேலை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எடுத்தவர் கோர்ட்டில் ஏறி ‘நான்தான் எடுத்தேன், கண்ணால் பார்த்தேன்’ என்று சொல்லிவிட்டால் அவன் உள்ளே போவது நிச்சயம். அதற்குள் அந்த வாயை அடைக்க வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தான்.

படத்தின் கீழே அச்சடித்திருந்தது: படம், அம்பிகா. பெயர் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

அந்தப் பெயரைப் போட்டவன் ஜான்சன்தான். யார் படத்தை எங்கே போட்டாலும் எடுத்தவர் பேர் இல்லையென்றால் அவனுக்குத் தூக்கம் வராது. சத்துவாச்சாரியில் ஒரு ஸ்டூடியோக்காரரோடு இதற்காகச் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவன். அம்பிகா ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரைபவள். வீடு டேனரிக்குப் பின்தெரு. மொட்டைமாடியிலிருந்து எடுத்த படத்தைப் பொதுவில் விடும்போது கவனமாக ஒரு கற்பனைப் பெயரில்தான் விட்டிருந்தாள். அந்தக் கற்பனைப் பெயரைப் போட்டாலே, பெயர் குறிப்பிடச் சொல்லும் அந்த உரிமத்துக்குப் போதும். ஆனால் எடுத்தது அவள் என்று ஜான்சனுக்குத் தெரியும். அவ்வளவு பெரிய வேலை செய்தவளின் சொந்தப் பேர் வராமல் போவதா என்று அவனுக்கு மனசு கேட்கவில்லை. மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டான், மடையன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

காலையில் ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் அம்பிகா முகம் வெளுத்துப்போனது. “கழட்டிடுங்கண்ணா” என்றாள். “எல்லாரும் பாத்துட்டுப் போவட்டும்மா, சாயங்காலம் கழட்டிடறேன்” என்றான் ஜான்சன். அதற்குள் எவனோ அதை போனில் பிடித்துப் பாண்டியனுக்கு அனுப்பிவிட்டான்.

“கேக்குறேன் இல்ல. யாரு அம்பிகா?”

அப்போதுதான் பாண்டியன் எல்லார் கழுத்திலும் தொங்கிய அட்டைகளைப் பார்த்தான். பெயர் எழுதிய அட்டைகள். அதுவும் ஜான்சனின் ஏற்பாடுதான். தடித்த மார்க்கரில், எட்ட நின்று படிக்கும்படி அவனே உட்கார்ந்து எழுதியது.

“அட, கஷ்டமே வெக்கல” என்றான் பாண்டியன்.

ஆட்கள் வரிசையாகப் போனார்கள். ரிப்பனைப் பிடித்து இழுத்து, அட்டையைப் படித்து, கன்னத்தில் ஒன்று விட்டு அடுத்தவரிடம் போனார்கள். ஒரு காலேஜ் பெண்ணின் கழுத்தில் ரிப்பன் இறுகி அவளுக்கு மூச்சு முட்டியது. இன்ஸ்டால் செய்யும் மேஜையிலிருந்த ஹபீப் எழுந்து, “பொம்பளப் பசங்க மேல கை வெக்காத பாய்” என்றான். ஸ்டம்ப் அவன் நெற்றியில் இறங்கியது. புருவம் பிளந்து ரத்தம் கீபோர்டில் கொட்டியது.

ஹபீபுக்குப் பக்கத்து நாற்காலியில் அம்பிகா இருந்தாள். கையால் அட்டையைப் பொத்தியிருந்தாள். பொத்தியதாலேயே ஒருவன் அவளைப் பார்த்துவிட்டான்.

ஜான்சனுக்கு அடிதடி தெரியாது. பயம் மட்டும் நன்றாகத் தெரியும். அந்தப் பயத்திலேயே கத்தினான்.

“அந்தப் படம் நான் எடுத்தது.”

பாண்டியன் திரும்பினான்.

“என் பேரப் போட பயமா இருந்துச்சு. அதான் ஒரு பொம்பள பேரப் போட்டேன். அம்பிகான்னு யாரும் இல்ல.”

அம்பிகாவின் மேஜைக்குப் போனவன் நின்றுவிட்டான். பாண்டியன் ஜான்சனை மேலும் கீழும் பார்த்தான். பொம்பளை பெயருக்குப் பின்னால் ஒளிகிற ஆம்பளையை அவனால் சுலபமாக நம்ப முடிந்தது.

“த்தூ. நீயெல்லாம் ஒரு ஆளு” என்று முகத்தில் துப்பினான். பிறகு அடித்தார்கள்.

முதலில் முழங்காலில் கம்பி விழுந்தது. ஜான்சன் உட்கார்ந்தான். விலாவில் உதை விழுந்ததும் படுத்தான். ஒருவன் போனைத் தூக்கி வீடியோ பிடிக்க, பாண்டியன் ஜான்சனின் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தினான்.

“சொல்லு. படம் யாரு எடுத்தது?”

“நான்.”

“இப்பவே அத அழி.”

“என்கிட்ட இருக்கறத அழிக்கலாம். எடுத்துக்கினவங்க கிட்டருந்து திருப்பி வாங்க முடியாது. உரிமம் அப்படி. ஒருவாட்டி குடுத்தா குடுத்ததுதான்.”

பொய்யின் நடுவே இந்த ஒரு உண்மையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவனால் முடியவில்லை, அது அவன் புத்தி. நக்கல் செய்கிறான் என்று பாண்டியன் நினைத்தான். வலது கையை ஜன்னல் திண்டில் வைத்துப் பிடிக்கச் சொல்லி, கம்பியை அவனே வாங்கி இறக்கினான். மணிக்கட்டு முறிந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. ஜான்சன் அலறிய வாயிலேயே மறு அடி விழுந்தது. தாடை ஒருபக்கமாகத் தொங்கிப்போனது.

ரத்தத்துக்கு நடுவே அவன் அம்பிகாவைப் பார்த்தான். எழுந்து நின்றிருந்தாள். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். அவள் வாயைத் திறக்கப்போன அதே நேரம் ஹபீப், முகமெல்லாம் ரத்தத்தோடு, மேஜையிலிருந்த ஒரு பழைய சிபியுவை இரண்டு கையாலும் தூக்கிப் பாண்டியன் தோளில் போட்டான். பாண்டியன் மல்லாந்தான். அவ்வளவு நேரம் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்த கணியம்பாடி விவசாயி நாற்காலியை மடக்கி எடுத்தார். அதன் பிறகு நாற்காலிகள்தான் பேசின. யார் யாரை அடித்தார்கள் என்று அங்கிருந்தவர்களே ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். வெளியே போலீஸ் ஜீப் சத்தம் கேட்டதும், தோளைப் பிடித்துக்கொண்டிருந்த பாண்டியனை இழுத்துக்கொண்டு அவன் ஆட்கள் பின்கதவு வழியாக ஓடினார்கள்.

மறுநாள் காலை வேலூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜான்சன் கிடந்தான். கையில் மாவுக்கட்டு, தாடையை அசைக்க முடியாதபடி கம்பிக்கட்டு. பாண்டியன் ஆட்கள் எடுத்த வீடியோ அதற்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வீடியோல நீங்க சொன்னது நெஜமா? படம் நீங்க எடுத்ததா?”

ஜான்சன் ஆமாம் என்று தலையை ஆட்டினான். அவர் எழுதிக்கொண்டார்.

வாசலில் அம்பிகா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. நேரே கட்டிலுக்கு வந்தாள். அழுது வீங்கிய முகத்தில் கோபம் தெரிந்தது.

“என்னக் கேக்காம என் பேரப் போட்டீங்க. அப்பறம் என்னக் கேக்காமலே அந்தப் பேர எடுத்துட்டீங்க. என் பேருண்ணா அது. ஒருவாட்டியாவது என்னக் கேட்டிருக்கலாம் இல்ல?”

ஜான்சன் பேச வாயெடுத்தான். கம்பி விடவில்லை. இடது கையை ஆட்டி, போ, போய்விடு என்று சைகை காட்டினான். கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. செத்துப்போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது அவனுக்கு.

“எனக்கும் பயம்தாண்ணா. அதான் வேற பேர்ல போட்டேன். நேத்து உங்கள அடிக்கறத பாத்துக்கினு நின்னனே, அந்த பயம் இன்னும் ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டுச் சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். “சார், அந்தப் படம் எங்க மாடிலருந்து நான் எடுத்தது. ரெண்டு பேரையும் தூக்கனத கண்ணால பாத்தேன். பாண்டியன் அங்கதான் இருந்தான். எங்க வேணாலும் வந்து சொல்றேன்.”

“பேரு?”

அவள் கைப்பையிலிருந்து ரிப்பனோடு அந்த அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஜான்சனின் கையெழுத்தில், எட்ட நின்று படிக்கும்படி எழுதிய பெயர். சப்-இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டு, தான் எழுதியிருந்த ஜான்சன் என்பதை அடித்தார்.