கரண்டி யார் கையில்

சமையல் படிக்கப் பள்ளிக்கூடத்தில் சேரப்போகிறேன் என்று நான் சொன்னதும் என் நாத்தனாருக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறிவிட்டது. இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப இத்தனை வருஷமா நீ எங்களுக்குப் போட்டதெல்லாம் என்னது?"

நியாயமான கேள்விதான். வீட்டுக்குச் சமைப்பது வேறு, பிழைப்புக்குச் சமைப்பது வேறு என்று எடுத்துச் சொன்னேன். அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததாகக் காட்டிக்கொண்டால் பேச்சு முடிந்துவிடுமே என்ற கவலை. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். சாப்பாடும் அபிப்பிராயமும் கீழே எங்களோடுதான்.

எனக்கு நாற்பது நெருங்குகிறது. கூரியர் அலுவலகத்தில் கவுண்டர் வேலை. பார்சலை எடை போட வேண்டும், ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். அந்த வேலையில் ஒரு குறையும் கிடையாது, சாகும்வரை அதையே செய்யப்போகிறேன் என்பதைத் தவிர. பெரிய ஓட்டல் ஒன்றின் சமையலறையில், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, நான் செய்ததைத் தட்டில் வைத்து நகர்த்த வேண்டும். முகம் தெரியாத ஒருவர் அதைக் காசு கொடுத்துச் சாப்பிட வேண்டும். இதுதான் ஆசை. எங்கள் சேமிப்போ ஒரே ஒரு படிப்பைத்தான் தாங்கும். தப்பான பள்ளியில் போய் விழுந்தால் மறுபடியும் ஸ்டிக்கர்தான்.

என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். கற்றுக்கொடுக்கிற காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். நாங்கள் வெளியே போய்வருவதும் அதே காரில்தான். அதன்மேல் கால் வைத்து வைத்தே பழகிப்போன மனிதர். பஸ்ஸில் போனாலும் சரி, டிவியில் கார் ஓடினாலும் சரி, வலது கால் தரையைப் போட்டு அழுத்தும். எனக்கும் அவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். லைசென்ஸ் வாங்கி எத்தனையோ காலமாகிவிட்டது. இன்றுவரை அவர் கால் படாமல் நான் ஒரு தெருமுனையைக்கூடத் திரும்பியதில்லை.

முதலில் பார்த்த பள்ளி நாத்தனார் சிபாரிசு. கண்ணாடிக் கட்டடம், லிஃப்ட், சுவர் முழுக்கப் படித்துப் பெரிய ஆளானவர்களின் படங்கள். அடுப்புகள் பளபளவென்று இருந்தன. காய் நறுக்கும் பலகைகளில் ஒரு கீறல்கூட இல்லை. புதுசாய் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பார்க்க வந்தவர்களை அடுப்பருகே நிறுத்தி, அங்கிருந்த வாத்தியார் என் கையில் கரண்டியைக் கொடுத்தார். வெங்காயத்தை இரண்டு கிளறு கிளறியிருப்பேன். "இப்படி இல்ல மேடம்" என்று சிரித்துக்கொண்டே கரண்டியை வாங்கிக்கொண்டார். கடைசிவரை அவரே செய்து, அலங்காரம் பண்ணி, தட்டை என் கையில் திணித்துப் படம் எடுத்தார்கள். நானே செய்ததுபோல் படத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். நாத்தனார் அந்தப் படத்தைச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார். தேர்வெல்லாம் கிடையாது, இடம் உறுதி, யோசித்துச் சொல்லுங்கள் என்று ஒரு தேதியும் கொடுத்தார்கள்.

லிஃப்டில் இறங்கும்போது என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கரண்டி கடைசி வரைக்கும் அவர் கையிலதான் இருந்துது. கவனிச்சியா?"

கவனித்திருந்தேன். அதைச் சொல்வது யார் என்றும் கவனித்தேன். லிஃப்ட் தரையைத் தொடும் நேரம் அவர் கால் பிரேக் போட்டது.

இரண்டாவது பள்ளி டயர் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. வாசலில் மிளகாய் மூட்டை, உள்ளே போனால் ஆவியும் இரைச்சலும். பலகைகளில் கீறல் இல்லாத இடமே இல்லை. படிக்கிறவர்கள் சமைப்பதை முன்பக்கக் கேன்டீனில் மதியம் விற்கிறார்கள். நன்றாக இல்லாவிட்டால் சாப்பிட வந்தவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்களாம். எனக்கு அங்கேயே கால் வேரூன்றிவிட்டது. ஆனால் கேட்டவுடன் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு நாள் காலையில் வந்து கேன்டீனுக்கு ஒரு பெரிய பானை சூப் வைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் இடம்.

என் பொல்லாத நேரம், அவர்கள் சொன்ன நாளும் கண்ணாடிக் கட்டடக்காரர்கள் கெடு வைத்த நாளும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

அன்று காலை டயர் கிடங்கைத் தாண்டும்போதே போன் வந்தது. உங்கள் இடத்துக்கு வேறொருவர் காத்திருக்கிறார், இப்போதே சொல்லிவிடுங்கள் என்றது ஒரு இனிமையான குரல். இங்கே சூப் ஊற்றிக்கொண்டால் அங்கேயும் போச்சு, இங்கேயும் போச்சு. பின் சீட்டிலிருந்து நாத்தனார் "சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு" என்று முதுகைக் குத்தினார். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டேன்.

"வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தினார். முகத்தில் ஈயாடவில்லை.

உள்ளே என்னைப்போல் இடம் கேட்டு வந்தவர்கள் சிலர், ஆளுக்கொரு அடுப்பு, ஆளுக்கொரு பானை. பானை என் இடுப்புயரம் இருந்தது. அங்கே தலைமை தாங்கியவர் கட்டை குட்டையான ஒரு பெண்மணி. எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். பூசணிக்காய் சூப் என்று ஒரு வார்த்தை சொன்னார். பிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். கேன்டீனுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் என் வீட்டார் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் அம்மா சமைக்கும்போது ருசி பார்த்து நான் கண்டதே இல்லை. கொதிக்கிற ஆவியை முகர்ந்தே உப்பு போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். எனக்கும் அதே மூக்கு. பானையில் இருப்பதை நாக்கில் வைத்துப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் இளக்காரம்தான்.

நறுக்கினேன், வதக்கினேன், வேகவைத்து மசித்தேன். எல்லாம் கைக்கு வந்த வேலை. கடைசியில் குனிந்து முகர்ந்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் குனிந்தேன். மூடி திறந்த வெறும் பானைபோல் இருந்தது. ஜலதோஷமா, பதற்றமா என்று மூக்கைத் தேய்த்துப் பார்த்தேன். பிறகுதான் தலைக்குமேல் ஹோவென்று ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். புகை உறிஞ்சுகிற பெரிய ஃபேன். என் சூப்பின் வாசனை முழுவதையும் அது வாரிச் சுருட்டி வெளியே டயர் கிடங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

இனி மூக்கு கைகொடுக்காது. பிறந்ததிலிருந்து முதல் முறையாக என் பானையிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தேன். உப்பு இல்லை. அதைவிட மோசம், லேசாகக் கருகல். அடி பிடித்திருக்கிறது. வீட்டில் என்றால் அந்த வாடையை மூன்றாவது அறையில் இருந்தே பிடித்திருப்பேன்.

அழுகை வந்தது. அழ நேரமில்லை. அப்போது மாஸ்டர் என் பக்கத்தில் வந்தார். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை விடுபட்டு அடுப்புக் குமிழை நோக்கி நீண்டது. பாதி வழியில் நின்றது. பிறகு அந்தக் கை மறுபடியும் முதுகுக்குப் போய்விட்டது. அவர் அடுத்த அடுப்புக்கு நகர்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் எழுந்து நின்று வலது காலால் தரையை அழுத்திக்கொண்டிருந்தார்.

அடுப்பை அணைத்தேன். அடியைச் சுரண்டாமல் மேலோடு அள்ளி வேறு பானைக்கு மாற்றினேன். ஒட்டிக்கொண்டு வந்த அந்தக் கொஞ்சம் வாடையை விரட்ட முடியாது, அதோடு கூட்டுச் சேர்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது. வெங்காயத்தையும் பூண்டையும் நன்றாகச் சிவக்கும்வரை சுட்டு, அரைத்துச் சேர்த்தேன். ருசி பார்த்தேன். உப்புப் போட்டேன். மறுபடி பார்த்தேன். எலுமிச்சை பிழிந்தேன். மறுபடியும் பார்த்தேன். வெட்கம் விட்டுப்போய், கடைசியில் பசிக்கே குடிப்பதுபோல் குடித்துக்கொண்டிருந்தேன். நான் நினைத்த இடத்துக்கு அது வந்து சேர்ந்த கணம் எனக்கே தெரிந்தது.

பானைகளை வரிசையாகக் கேன்டீனில் வைத்தார்கள். எது யாருடையது என்று எழுதவில்லை. நாங்கள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தோம். சாப்பிட வந்தவர்கள் முதலில் எல்லாப் பானையிலும் வாங்கினார்கள். இரண்டாம் முறை வந்தவர்கள் என் பானைக்கு வந்தார்கள். அந்த வரிசையில் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு முண்டியடித்து நின்றவர் என் நாத்தனார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் பரிமாறுகிறவர் என் பானையைச் சாய்த்துக் காட்டிக் கையை விரித்தார். தீர்ந்துவிட்டது.

மாஸ்டர் தன் கிண்ணத்தோடு என்னிடம் வந்தார்.

"அடி பிடிச்சது எனக்குத் தெரியும். என் கை தன்னால வந்துடுச்சு, கஷ்டப்பட்டு இழுத்துக்கிட்டேன். இனிமே அந்த மூக்கை நம்பாதீங்க. திங்கட்கிழமை காலைல வந்துடுங்க."

தலையை ஆட்டினேன். ஜெயித்துவிட்டேன் என்று உரக்கக் கத்த வேண்டும்போல் இருந்தது. அதற்குப் பதில் ஓடிப்போய்க் கேன்டீன் கதவைத் திறந்தேன். நாத்தனார் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார். அது நான் வைத்தது என்று, கண்ணாடி வழியே கண்ணெடுக்காமல் பார்த்திருந்த என் வீட்டுக்காரர் சொன்னதும் ஸ்பூன் ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. அவ்வளவுதான், ஒரே நொடி.

"அதான் நெனச்சேன். நம்ம வீட்டுக் கைமணம் எனக்குத் தெரியாதா?" என்றார்.

திரும்பும்போது நான் ஓட்டுகிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். டயர் கிடங்கு முனையில் சந்திலிருந்து ஒரு லாரி மூக்கை நீட்டியது. பழக்கதோஷம், அவர் பிரேக் விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. திரும்பிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"ஏன்டா, கால் மரத்துப் போச்சா?" என்று பின்னாலிருந்து நாத்தனார் கேட்டார்.

"இல்லக்கா. ஓட்டறவ ஓட்டட்டும்."

நான் பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது. லாரி தன் பாட்டுக்குக் கடந்து போனது. கியர் போட்டு, முனையைத் திரும்பினேன்.