விளிம்பில் விழுந்த கோடு

பச்சையம்மாள் மஞ்சப்பையிலிருந்து இரண்டு வெண்கலப் புஷ்களை எடுத்து லேத் மெஷின் மேல் வைத்தாள். கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை உடைத்து வேர்க்கடலைப் பருப்பெடுக்கிற மெஷின் வைத்திருப்பவள். அதில் சுற்றுகிற ஷாஃப்டை இரண்டு முனையிலும் தாங்கிப் பிடிப்பவை இந்த வளையங்கள்தான்.

"புதுசு பாய். ஷாஃப்ட்ல ஏற மாட்டேங்குது. உள்ள கொஞ்சம் கடைஞ்சு குடுங்க. நீங்க செஞ்சதுன்னுதான் ஸ்பேர் பார்ட்ஸ் கடை அர்ஜுனன் குடுத்தாரு."

லேத் பட்டறைக்காரர் கவுஸ் பாஷா ஒன்றைக் கையில் எடுத்தார். விளிம்பில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு வட்டமாக ஓடியது. அட, நம்முடையதேதான்! மாசி மாதம் இதைக் கடையும்போது கரண்ட் ஏறி இறங்கி, வெட்டுகிற டூல் இழுத்துவிட்ட கோடு. வேறு கடைந்து தந்திருக்க வேண்டும். அர்ஜுனன் வாசலில் நின்று அவசரப்படுத்தியதால், வேலைக்குக் கெடுதல் இல்லையே என்று வாய் திறக்காமல் கொடுத்தனுப்பிவிட்டார். இன்றைக்கும் வெட்கமாக இருந்தது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டு இரண்டாவதை எடுத்தார்.

அதிலும் அதே கோடு. அதே இடம், அதே கனம்.

ஒரு மனுஷன் இரண்டு தடவை ஒரே மாதிரி வழுக்க முடியுமா? அளவு பார்க்கிற வெர்னியரை வைத்துப் பார்த்தார். இம்மி பிசகவில்லை. இவருடைய உருப்படியை மாதிரியாகக் கொடுத்து, எங்கேயோ கம்ப்யூட்டர் லேத்தில் நூற்றுக்கணக்கில் அடித்து வாங்கியிருக்கிறான் அர்ஜுனன். "அந்த புஷ்ஷு இனிமே ஓடாது பாய், பழைய மெஷினெல்லாம் காயலாங்கடைக்குப் போவுது" என்று சித்திரையில் இதே பட்டறையில் டீ குடித்துக்கொண்டே வாய் கூசாமல் சொன்னானே, பாவி!

வேலை போனதென்று அவர் கலங்கவில்லை. பட்டறையில் வேலை குவிந்துதான் கிடக்கிறது. ஆனால் அர்ஜுனனோடு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். வெட்டுகிற சத்தத்தை வைத்தே ஆழம் சொல்லிவிடுவார் கவுஸ். அந்தக் காதைப் பற்றி வேங்கிக்கால் வரைக்கும் பெருமை பேசித் திரிந்தவன் அவன். அவனா?

இரண்டையும் ஒவ்வொன்றாக லேத்தின் சுழலும் பிடியான சக்கில் மாட்டி உள்ளே கடைந்து கொடுத்தார். "உங்களுதுதான பாய்?" என்று பச்சையம்மாள் கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்றும் வரவில்லை. "போட்டுப் பாரும்மா, ஏறும்" என்றார்.

மத்தியானம் அர்ஜுனனே வந்து சேர்ந்தான், ஒன்றும் நடக்காதது போல.

"மாதிரிக்கு வேணும்னு கேட்டிருந்தா சுத்தமா ஒண்ணு கடைஞ்சு குடுத்திருப்பேனே அர்ஜுனா. டூல் இழுத்த கோட்டையா என் பேர சொல்லி விக்கிற?"

அர்ஜுனனுக்கு முகம் செத்துப்போயிற்று. "இழுத்ததா? எண்ணெ நிக்கறதுக்கு நீ போட்டதுன்னு இல்ல நெனச்சேன்! பாய் காரணம் இல்லாம போட மாட்டாரு, அத விட்டுடாதடான்னு கம்ப்யூட்டர்காரன்கிட்ட நான்தான் சொன்னேன்."

"அவ்ளோ நம்பறவன் ஏன்டா பொய் சொன்ன?"

"சொன்னா நீ குடுக்க மாட்டியோன்னு..."

"இத்தினி வருஷத்துல எதடா உனக்கு மாட்டேன்னு சொன்னேன்?"

அர்ஜுனன் தரையில் கிடந்த இரும்புச் சுருள்களைக் காலால் ஒதுக்கினான். பிறகு வெளியே போய், வண்டியிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு சின்ன ஷாஃப்டைக் கொண்டுவந்து நீட்டினான்.

"இது ரொம்பத் தேஞ்சிடுச்சு பாய். புதுசுல என்னா அளவு இருந்துச்சுன்னு அந்தக் கம்ப்யூட்டர்காரனுக்குக் கண்டுபிடிக்கத் தெரியல. உன் கையாலதான் ஆவும். ஒண்ணே ஒண்ணு. இந்தத் தடவ சொல்லிட்டுத்தான கேக்கறேன்?"

என்ன துணிச்சல்! கவுஸ் வாசலைக் கை காட்டினார்.

"எடுத்துக்கினு வெளிய போடா."

சொல்லிவிட்டார். ஆனால் அந்த ஷாஃப்ட் எப்போது தன் கைக்கு வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கட்டைவிரல் அதன் மேல் மெல்ல நகர்ந்து, தேய்ந்த இடமும் தேயாத இடமும் சேருகிற மேட்டில் நின்று, திரும்பி, மறுபடியும் தடவிக்கொண்டிருந்தது. அர்ஜுனன் போகவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.