வாய்விட்டுப் படிக்கிறவர்

பழனியாண்டிக்கு மனசுக்குள் படிக்கத் தெரியாது. எழுத்தறியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். இலங்கைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை போனவர், தமிழில் எதைக் கொடுத்தாலும் படித்துவிடுவார். ஆனால் வாய்விட்டுத்தான் படிப்பார். காதில் விழாத எழுத்து அவர் தலைக்குள் போகாது. பாட்டன் பூட்டன் ஏடு படித்த காலத்தில் எல்லாரும் அப்படித்தான் படித்தார்களாம், வாயை மூடிக்கொண்டு படிப்பது நேற்று வந்த பழக்கமாம். போர்ட் பிளேருக்கும் தெற்கே, இலங்கையிலிருந்து வந்தவர்களைக் குடிவைத்த கச்சால் தீவுக்கு அந்த நேற்று இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருந்தவரை இதனால் யாருக்கும் தொந்தரவில்லை. கப்பலில் வரும் பத்து நாள் பழைய பேப்பரை, முதல் பக்கத்துத் தேதியில் தொடங்கிக் கடைசிப் பக்கத்து அச்சகத்தின் பெயர் வரை விடாமல் படிப்பார். பால் வெட்டி முடித்து வருகிறவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே கை கால் கழுவுவார்கள். சுனாமிக்குப் பிறகு எல்லாரையும் மேட்டில் தகரக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார்கள். அதற்கு ஷெல்டர் என்று பேர். இந்தக் குடும்பத்துக்கும் அந்தக் குடும்பத்துக்கும் நடுவே ஒரே ஒரு தகரம். அங்கே உட்கார்ந்துகொண்டு இந்த மனிதர், மனைவி ராஜகுமாரிக்குக் கூடலூரிலிருந்து அவள் தம்பி எழுதிய கடிதத்தைக் கணீரென்று படித்தார். தம்பி பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனதைக்கூட விடவில்லை. மறுநாள் குழாயடியில் எட்டுப் பேர், "என்னாக்கா, ஒங்க தம்பி சம்சாரம் திரும்பி வந்துருச்சா?" என்று ராஜகுமாரியை அக்கறையாக விசாரித்தார்கள்.

"எல்லாரும் கண்ணால படிக்கல? ஒங்களுக்கு மட்டும் என்னா கேடு?" என்று அவள் கத்தினாள்.

"கண்ணு பாக்குறதுக்கு. படிக்கிறதுக்கு வாயி," என்றார் பழனியாண்டி. மானம் போனது அவளுக்குத்தானே, அவருக்கென்ன!

மே மாதம் ஒரு நோட்டீஸ் வந்தது. கடல் வந்து போய் ஐந்து மாதமாகியும் கிடைக்காதவர்களின் பட்டியல். போர்ட் பிளேர் கேம்ப்கள், மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிகள், ஆட்களை ஏற்றிப்போன கப்பல்களின் ரிஜிஸ்தர் எல்லாம் தேடி, எதிலும் இல்லாதவர்களை இறந்தவர்கள் என்றே எழுதியிருந்தார்கள். இங்கிலீஷில் ஒன்று, இந்தியில் ஒன்று. தமிழ் ஆட்கள் கேட்டதால் தோட்ட ஆபீஸ் கிளார்க் ரவிச்சந்திரன் அத்தனை பேரையும் தமிழில் கையால் எழுதி, ரேஷன் ஷெட் சுவரில் ஒட்டிவைத்தான்.

அடுத்த தகரத்துச் சொர்ணம்மா விடிந்ததும் வந்து நின்றாள். புருஷன் திருநாவுக்கரசு செத்து ஆறு வருஷம். மிச்சம் ஒரே மகன், பன்னீர்செல்வம். கடல் வந்த அன்றைக்குக் காலையில் கப்பல் நிற்கும் ஜெட்டிக்குப் போனவன் வரவில்லை. அவனை மாதிரி ஒருத்தன் மெயின்லேண்ட் கப்பலில் ஏறியதைப் பார்த்தேன் என்று யாரோ சொல்லிவிட்டான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் சோறு தின்றிருக்கிறாள். பட்டியலில் பேர் இல்லையென்றால் மகன் எங்கேயோ இருக்கிறான். இருந்தால் இல்லை.

"நேத்தே ரேஷன் ஷெட் ஆளக் கேட்டேண்ணே. மேலயும் கீழயும் பாத்தான். 'தேக் லியா அக்கா, பாத்தாச்சு, பேரு இல்ல'ன்னான். என் மொகத்தப் பாக்காம சொல்றான். வாயத் தொறக்காம படிக்கிறவன் என்னா படிச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க வாங்க. நீங்க படிச்சா நானே படிச்ச மாதிரி."

பழனியாண்டிக்கு அதில் பெருமைதான். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஷெட்டின் முன்னால் இருபது முப்பது பேர் நின்றார்கள். அவரைப் பார்த்ததும் வழி விட்டார்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தலைப்பிலிருந்து ஆரம்பித்தார். எண், பேர், தகப்பன் பேர், வயது. எண்பத்து மூன்றில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடுத்தவர் தவிப்பார் என்று அவருக்குத் தெரியும். சொர்ணம்மா அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்று காகிதத்தை வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாய் நூற்றுப் பதினான்கில் இருக்கும்போது கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது. ஐம்பத்தோரு வயதில் முதல் தடவையாகப் பழனியாண்டி ஒரு வரியை மனசுக்குள் படித்தார். காதில் விழாமலே அது நன்றாகப் புரிந்தது. இந்தப் பாவத்தை நான் ஏன் என் வாயால் சொல்ல வேண்டும், அந்த ரேஷன் ஷெட் ஆள் ஒன்றும் கெட்டவனில்லை என்று நினைத்தார்.

"நூத்திப் பதினாறு," என்றார். "முத்தையா. தகப்பன் பேரு காளிமுத்து. வயசு நாப்பது."

"அண்ணே," என்றாள் சொர்ணம்மா. "நூத்திப் பதினஞ்சு?"

இருபது வருஷம் தினம் முந்நூறு மரம் பால் வெட்டியவள். எண்ணிக்கை அவளுக்குள் தானாக ஓடும், அவள் ஓடச் சொல்ல வேண்டியதில்லை.

"அந்த எடத்துல தண்ணி பட்டு எழுத்து கலைஞ்சு கெடக்கு, தங்கச்சி."

அவள் கையை நீட்டி, அவர் தாண்டிய வரியின் மேல் விரலை வைத்தாள். சரியாக அதே வரி. மை பளிச்சென்று இருந்தது.

"கலையலண்ணே. எனக்குப் படிக்கத்தான் தெரியாது. கண்ணு தெரியும்."

பழனியாண்டிக்கு வெட்கமாக இருந்தது. தன்னை நம்பிக் கூட்டிவந்தவளை, அவள் காதில் விழாமல் மனசுக்குள் படித்து ஏமாற்றப் பார்த்திருக்கிறார். அவள் விரல் அந்த வரியிலேயே இருந்தது. அது நகரும் வரைக்கும் காத்திருந்தார். நகர்ந்ததும் படித்தார். கடைசி வரிசையில் நின்றவருக்கும் கேட்டது.

"நூத்திப் பதினஞ்சு. பன்னீர்செல்வம். தகப்பன் பேரு திருநாவுக்கரசு. வயசு இருவத்தி நாலு."

சொர்ணம்மா அப்படியே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். இரண்டு பெண்கள் ஓடிவந்து பிடித்தார்கள். அவள் அவர்கள் கையை விலக்கினாள். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னாண்ணே நிக்கிறீங்க," என்றாள். "மத்தவங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்கள்ல. படிங்க."

நூற்றுப் பதினாறை ஏற்கெனவே படித்தாயிற்று. இருந்தாலும் பழனியாண்டி அதிலிருந்துதான் மறுபடி ஆரம்பித்தார்.