கருப்பி இறங்க ஒரு வழி

முத்துராமலிங்கமும் இன்னும் மூன்று பேரும் செட்டு வாசலில் சாய்த்திருந்த பழைய கதவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த கஸ்தூரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் ஒச்சாண்டியைக் கிடத்திக் குளிப்பாட்ட அந்த வீட்டில் வேறு பலகை இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் சின்னமனூரிலிருந்து வந்த பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தபடியே அவர் இறந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக் கடைசி ஸ்டாப் வரை கண்டக்டர் எழுப்பவில்லை. கஸ்தூரி இன்னும் அழவில்லை. அக்கா பாண்டீஸ்வரி, "அழுதுருடி" என்று இரண்டு தரம் முதுகில் தட்டினாள். தட்டுவது தெரிந்தது, அவ்வளவுதான்.

செட்டுக்குள் குளம்புச் சத்தம் கேட்டது.

முன்பு அது திராட்சை செட்டு, பழப் பெட்டிகள் அடுக்கும் கொட்டகை. பெட்டிகளை நேராக வேனில் ஏற்ற வசதியாகத் தரையை இரண்டரை அடி உயர்த்திக் கட்டியிருந்தார்கள். ஒச்சாண்டி அதில் இரண்டு மட்டக் குதிரைகளை வைத்திருந்தார். ஆள் இடுப்புக்கு மேல் வளராத ஜாதி. திருவிழாக்களில் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று நடத்துவார். குதிரைகள் ஏறி இறங்க வாசல் கதவையே கழற்றி, சாக்கு வைத்து ஆணியடித்துச் சரிவாகப் போட்டிருந்தார். கதவு இருந்த இடத்தில் குறுக்கே ஒரு மூங்கில் மட்டும். மிரண்டால் குதிரைகள் அதற்கடியில் நுழைந்து குதித்துவிடும். இரண்டில் பெட்டையான கருப்பி ஒன்பது மாதச் சினை.

கஸ்தூரி எழுந்து பின்பக்கம் போனாள். ஆண்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கதவெல்லாம் எண்ணெயும் சீயக்காய் நுரையுமாக இருந்தது.

"இந்தக் கதவு எப்பக் கெடைக்கும்?"

முத்துராமலிங்கம் செம்பைக் கீழே வைத்தான். ஒச்சாண்டியின் தம்பி அவன். "என்ன மதினி கேக்குறீக? அண்ணன் அதுமேலதான படுத்திருக்காக."

"மேளம்?"

"ரெண்டு மணிக்கு வந்துருவாக."

"வேட்டு மட்டும் வேணாம்னு சொல்லிருங்க."

"ஊருல ஒருத்தரும் வேட்டில்லாமப் போனதில்ல. அண்ணனச் சும்மா அனுப்பவா?" அவன் செம்பை எடுத்து மறுபடி தண்ணீர் ஊற்றினான்.

அவள் செட்டுக்குத் திரும்பினாள். மணி ஒன்று இருக்கும். செட்டுக்குப் பின்னால் திராட்சைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக இழுத்து வந்தாள். வாசலுக்குக் கீழே சுவரை ஒட்டி இரண்டிரண்டாக அடுக்கினாள், அதற்கு முன்னால் ஒற்றை வரிசை. கூடையில் மண் அள்ளி வந்து பெட்டிகளுக்குள் போட்டாள். இடுக்கெல்லாம் எருக்குப்பையைக் கொட்டிக் காலால் மிதித்துச் சரிவாக்கினாள். மேலே உள்ளிருந்து ஒரு கறுப்பு மூக்கு எட்டிப் பார்த்தது.

"கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?" பாண்டீஸ்வரி தேடிக்கொண்டு வந்துவிட்டாள். "அங்கன ஒரே சனம். நீ இங்கன குப்பை அள்ளிக்கிட்டு நிக்கிற!"

"அவ சினையா இருக்கா, அக்கா."

"எவ?"

கஸ்தூரி மேலே பார்த்தாள். பாண்டீஸ்வரியும் பார்த்தாள். வாசலின் உயரத்தை, மூங்கிலை, கீழே கிடந்த கல்லை.  பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"இந்தப் பெட்டி ஆடுது. அடியில கல்லு வை."

சோளத்தட்டையைப் பரப்பி அதன்மேல் நனைத்த சாக்குகளை விரித்தார்கள். கஸ்தூரி மூங்கிலை உருவிவிட்டு, கருப்பியின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கருப்பி ஒரு காலை எடுத்துச் சாக்கில் வைத்து, முகர்ந்து, பின்வாங்கிக்கொண்டது. திரும்ப இழுப்பதற்குள் மேளக்காரர்களின் வேன் ஹாரன் கேட்டது. பாண்டீஸ்வரி அவள் கைகளைக் கழுவிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஒச்சாண்டியைத் தூக்கியபோது கஸ்தூரி செட்டு இருந்த பக்கம் காதை வைத்திருந்தாள். முதல் வேட்டு வெடித்தது. இரண்டாவது, மூன்றாவது. ஜன்னல்கள் அதிர்ந்தன. மேளத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. அவரைச் சுமந்துகொண்டு எல்லோரும் தெருவில் நடந்தார்கள். பெண்கள் தெரு முக்கு வரை போனார்கள். கஸ்தூரி போகவில்லை, செட்டுக்கு ஓடினாள்.

செட்டுக்குள் ஆண் குதிரை சுவர் மூலையில் முகத்தை வைத்து நின்றிருந்தது. எருச்சரிவில் குளம்பு ஆழமாகப் பதிந்திருந்தது. ஒரு பெட்டியின் விளிம்பு நசுங்கியிருந்தது. கருப்பி கீழே, தெருவோரத்தில், நடுங்கிக்கொண்டு நின்றது.

கஸ்தூரி அதன் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். வீக்கமில்லை. வயிற்றில் கை வைத்தாள். உள்ளே ஏதோ நகர்ந்தது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

நடுக்கம் நின்றதும் கருப்பி தலையைக் குனிந்தது. பாடையிலிருந்து பிய்த்துப் போட்ட செவ்வந்தியும் ரோஜாவும் தெரு நெடுகக் கிடந்தன. ஒன்றைத் தின்றது. ஓரடி தள்ளி இன்னொன்று. கஸ்தூரி கயிற்றைப் பிடித்தபடி பின்னால் நடந்தாள். வீட்டு வாசலைத் தாண்டினார்கள்.

முக்கில் பெண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

"ஏ ஆத்தா, இதுக்கு மேல பொம்பளைக போறதில்ல" என்றாள் ஒருத்தி.

பாண்டீஸ்வரி அப்படிச் சொன்னவளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

சுடுகாட்டுக்குப் போகும் வாய்க்கால் ரோட்டிலும் பூ கிடந்தது. கருப்பி குனிந்த தலை நிமிராமல் போய்க்கொண்டிருந்தது. கஸ்தூரியின் கையில் கயிறு தொய்வாகவே இருந்தது.