தொண்ணூற்றேழாம் நாளின் கட்டைவிரல்

1

இந்தக் கதை ஓர் இஸ்திரிப் பெட்டியிலிருந்து பிறந்தது. முதலில் இதை நீதிக்கதையாகத்தான் எழுதினேன்: நூறு நாள் எந்த ஆடும் அடிபடாமல் இருந்தால் ஆளுக்கோர் இஸ்திரிப் பெட்டி என்று சிங்கம் அறிவிக்கிறது. ஆட்டுக்கு எதற்கு இஸ்திரிப் பெட்டி என்று என் மனைவி கேட்டாள். தாளைக் கிழித்துவிட்டு மனிதர்களிடம் வந்தேன்.

2

அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் மின்பலகை: ‘விபத்தில்லாத நாட்கள் 97’. அந்த எண் தினமும் காலை ஏழு மணிக்குத் தானாகவே ஒன்று கூடும். நூற்றைத் தொட்டால் அறுபத்திரண்டு பேருக்கும் இஸ்திரிப் பெட்டி. முதலுதவி அறையின் பதிவேட்டில் ஒரு வரி ஏறினால் பலகை பூஜ்யம்.

திட்டம் நல்ல மனத்தோடு போடப்பட்டது.*

* சண்டையே இல்லாத வகுப்புக்கு நானும் ஒருமுறை பரிசு வைத்தேன். அவ்வாண்டு ஒரு சண்டைகூட நடக்கவில்லை. மூன்று பிள்ளைகள் மட்டும் அடிக்கடி படிக்கட்டில் வழுக்கி விழுந்தார்கள்.

3

அட்டையின் மூலைகளை வெட்டுகிறவள் என்பதால் அவளுக்கு மூலை அக்கா என்று பெயர். காலை பத்தரைக்குக் கத்தி வழுக்கி அவளது இடது கட்டைவிரலில் இறங்கியது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் இந்நேரம்— [இவ்வாக்கியம் வேண்டாம்.] பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றிப் பல்லால் அறுத்தாள். அந்தக் கூடத்தில் டேப் சுற்றிய விரல் அது ஒன்று மட்டுமல்ல.

எதிர்மேசையில் அவளுடைய தங்கை.

“அக்கா, டேப்பை மீறி ரத்தம் வருது. நர்ஸ் ரூமுக்குப் போ.”

“இன்னும் மூணே நாள்டி. இத்தனை பேர் வயித்தெரிச்சலை யாரு வாங்கிக் கட்டிக்கிறது?”

“விரல் போச்சுன்னா?”

“புதுசு வரப்போகுதுன்னு நீதான் பழைய இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துட்டியே. கசங்கின சட்டையோடவா உன் புருஷன் வேலைக்குப் போவான்?”

தங்கை தன் டேப் உருளையை அக்கா பக்கம் தள்ளினாள்.

“என்னம்மா அங்க கொட்டிக் கிடக்கு?” என்றார் லோடு ஏற்றுகிறவர்.

“மை அண்ணே,” என்றாள் மூலை அக்கா.

“சிவப்பு மையா? நம்ம பெட்டியில சிவப்பே கிடையாதே.” பிறகு அவர் வாசல் பலகையைப் பார்த்தார். “இருக்கும், இருக்கும். புது ஆர்டரா இருக்கும்.”

4

அவளை முட்டாளாகவே இரண்டு முறை எழுதிப் பார்த்தேன், அவள் ஒத்துழைக்கவில்லை. கடையில் அதே பெட்டியை வாங்க அவள் ஒரு நகத்தைக்கூடக் கொடுக்கமாட்டாள். ஆனால் தொண்ணூற்றேழு நாளில் அந்தப் பெட்டி அவள் வீட்டு அலமாரியில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டது. வராத ஒன்று வராமல் போனால் வலிக்காது. வந்துவிட்டதாக எண்ணியது போனால் வலிக்கும். அறுபத்திரண்டு பெட்டிகளும் போனால்?

(விரல் ஒன்றுதான்.)

5

மாலை, வாசலுக்கு அருகில் நர்ஸ் அவளை நிறுத்தினாள். மூன்று மாதமாக நர்ஸிடம் யாரும் வரவில்லை.

“கையை ஏன்கா பைக்குள்ளயே வச்சிருக்கீங்க?”

மூலை அக்கா காட்டினாள். விரல் மடங்க மறுத்தது.

“நரம்பு அறுந்திருக்கும் போல. இன்னைக்கே பார்த்தாத்தான் உண்டு. ஆனா எழுதாம நான் தொட முடியாது.” நர்ஸ் பலகையைப் பார்க்காமலிருக்க முயன்றாள், அவளுக்கும் ஒரு பெட்டி உண்டு. “ஆறு வரைக்கும் ரூம் திறந்திருக்கும். கூப்பிட மாட்டேன்கா. நீங்களாத்தான் வரணும்.”

6

முடிவுகள்:

அ. அவள் உள்ளே போகிறாள். விரல் பிழைக்கிறது, பலகை பூஜ்யம். நாளை அறுபத்தொரு பேரின் முகத்தில் விழிக்க வேண்டும்.

ஆ. வெளியே ஒரு மருத்துவமனை. ‘வீட்டில் காய் நறுக்கும்போது’ என்கிறாள். விரல் பிழைக்கலாம். வேலையில் பட்ட காயத்துக்கான விடுப்பும் சம்பளமும் கிடையாது.

இ. சிங்கம் வந்து காயத்தை நக்கிக் குணமாக்குகிறது.

இ-யை யாரும் எடுக்கமாட்டீர்கள் என்று தெரியும். அது பக்கத்தில் இருந்தால் ஆ நியாயமாகத் தோன்றும், அதற்காகத்தான் வைத்தேன். மன்னியுங்கள், பழக்கம்.

இப்போது மணி ஐந்தேமுக்கால். வாசலுக்கும் அறைக்கும் நடுவில் அவள் நிற்கிறாள். நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காமல் புத்தகத்தை மூடிவைக்கலாம். காலை ஏழு மணிக்குப் பலகை 98 என்று காட்டும். அதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.