கடைசிப் பல்லவிக்கு முன் ஓர் இருமல்

அந்த ராக் பாட்டின் பெயர் 'இறங்கிப் போ'. சிகரெட்டைப் பார்த்து ஒரு மனிதன், என் நெஞ்சை விட்டு இறங்கிப் போ என்று நாலரை நிமிடம் கத்துகிற பாட்டு. எழுதியவர் கித்தார்காரர். நாளொன்றுக்கு இரண்டு பாக்கெட் ஊதுகிறவர். கேட்டால், "அனுபவிச்சு எழுதணும்ல?" என்பார்.

பாடுகிறவர் அவருடைய மனைவியின் தம்பி. பாட்டைக் கையில் வாங்கிய மறுவாரமே, யாரும் எதிர்பாராத காரியம் ஒன்றைச் செய்தார்: பாட்டில் சொன்னபடியே சிகரெட்டை விட்டுவிட்டார். இன்று முப்பத்தொன்றாம் நாள். இதற்குமுன் மூன்று முறை விட்டவர்தான். மூன்று முறையும் 'ஒண்ணே ஒண்ணு' என்று தொட்டு, பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தவர். இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருக்கத் தெம்பில்லை என்பது அவருக்கே தெரியும்.

சிக்கல் இருமலால் வந்தது. சிகரெட்டை விடுவதற்கு முன் வீட்டில் போனில் பதிந்த மாதிரிப் பதிவில், கடைசிப் பல்லவிக்கு முன் நெஞ்சு கிழிகிற மாதிரி இருமியிருந்தார். கேட்டவர்கள் எல்லாரும் பாட்டை விட்டுவிட்டு இருமலைப் பாராட்டினார்கள். கித்தார்காரர் அதற்கு 'மானுடத்தின் ஓலம்' என்று பெயரே வைத்துவிட்டார். இப்போது ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த இடம் வந்ததும் பாடகர், "க்கும்" என்றார். வங்கி வரிசையில் பின்னால் நிற்பவர் கனைப்பது போலிருந்தது.

"ஓலத்தைக் கேட்டா ஏப்பம் விடுற மாதிரி இருக்கு, மாப்ளே!"

"வரலையே மச்சான். சளியே இல்ல."

"போன்ல இருக்கிறதையே வெட்டி ஒட்டிடலாமே?" என்றார் டிரம்ஸ் வாசிக்கும் அக்கா, கித்தார்காரரின் மனைவி.

"ஒட்டலாம். ஆனா அதோட சேர்ந்து குக்கர் மூணு விசில் அடிக்குது" என்றார் ஒலிப்பதிவாளர் அம்மாள்.

பதினொரு டேக் ஆயிற்று. பாடகர் மிளகாய்த்தூளை மோந்து பார்த்தார், தும்மல்தான் வந்தது. கித்தார்காரர் சட்டைப் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்தார்.

"கலைக்காக. ஒண்ணே ஒண்ணு."

"ஏங்க, அவன் நெஞ்சைக் கெடுத்துத்தான் உங்க பாட்டு விளங்கணுமா?"

"உனக்கு டிரம்ஸ்தான் தெரியும். ஓலம் தெரியாது."

பாடகர் 'வேண்டாம்' என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கை நீண்டுவிட்டது. முப்பத்தொரு நாளும் வாய் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது, விரல்கள் வேறொன்று நினைத்துக்கொண்டிருந்தன.

"இரு, பத்த வச்சுத் தர்றேன். பழக்கம் விட்டுப்போச்சு உனக்கு" என்ற கித்தார்காரர், கண்ணாடி அறைக்குள் மைக்கின் முன், 'புகைக்கக் கூடாது' என்ற பலகைக்கு நேர்கீழே நின்று பற்றவைத்தார். "பாத்துக்க. அடிவயித்துலேருந்து இழுக்கணும். உள்ள நிறுத்தணும். அப்புறம்—"

அப்புறம் வகுப்பு நடக்கவில்லை. வாத்தியாருக்கே முதலில் ஒரு செருமல், அடுத்து ஓர் உறுமல், பிறகு பழைய லாரி மேட்டில் ஏறுவது போல ஒரு தொடர். முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. மைக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மானுடத்தின் சார்பில் ஒரு நிமிடம் இருபது நொடி ஓலமிட்டார்.

பாடகர் நீட்டிய கையாலேயே தண்ணீர் டம்ளரை எடுத்துக் கொடுத்தார். மச்சானின் விரலிடுக்கில் புகைந்துகொண்டிருந்ததைப் பிடுங்கி, ஒரு கணம் பார்த்தார். அவர் குடித்து வைத்த மிச்சத் தண்ணீரில் போட்டார். அது 'சுஸ்' என்றது.

"எடுத்துட்டேன்" என்றார் ஒலிப்பதிவாளர் அம்மாள். கதவு திறந்ததும் பதிவை ஓடவிட்டு, கடைசி ஆள் வெளியேறும்வரை நிறுத்தாதது அவர் வழக்கம். "ஒத்திகையிலதான் எல்லாரும் ஒழுங்கா வாசிக்கிறாங்க" என்பது அவர் கட்சி.

அவர் அந்தப் பதிவைப் போட்டதும், மச்சானின் இருமல் முடிகிற இடத்தில் பாடகர் பல்லவியைப் பிடித்தார். சிரிப்பை அடக்கியதில் குரல் உடைந்தது. அதுவும் நன்றாகவே இருந்தது. "இறங்கிப் போ!" என்று அவர் கண்ணாடிக்கு வெளியே யாரைப் பார்த்துப் பாடினார் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமில்லை.

வெளியே மூலையில் நாற்காலியில் சாய்ந்திருந்த கித்தார்காரருக்கு மெல்ல மூச்சு வந்தது. கூடவே பேச்சும்.

"ஆல்பத்துல என் பேரு எப்படிப் போடுவீங்க?"

"பாடல், கித்தார், இருமல்" என்றார் மனைவி.

அவர் நெஞ்சைத் தடவியபடி யோசித்தார்.

"இருமல்னு வேணாம். 'கூடுதல் குரல்'னு போடு."